உப்புக் காற்றில் ஒரு வோல்ட்: அனலாக் சின்தசைசர் எப்படி இயங்குகிறது, இராமநாதபுரக் கடற்கரையில் ஏன் தடுமாறுகிறது?

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட, ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரத்தை மட்டும் இசைக்கக்கூடிய, அனலாக் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி இன்று பல லட்சம் ரூபாய்க்குக் கைமாறுகிறது. அதே வேளையில், அந்தக் கருவியின் தூரத்து உறவு என்று சொல்லத்தக்க ஒன்றைச் சில நூறு ரூபாய் உதிரிபாகங்களைக் கொண்டு வீட்டு மேசையிலேயே செய்து முடிப்பவர்களும் இருக்கிறார்கள். திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவினர் வைத்திருக்கும் கீபோர்டில் நூற்றுக்கணக்கான ஒலிகள் இருக்கும்போது, எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத, அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டிய ஒரு பெட்டியின் மீது இத்தனை பற்று ஏன் என்ற கேள்வி இயல்பானது. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரையிலான இந்தக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு அதனுடன் இன்னொரு கேள்வியும் சேர்கிறது: நன்றாக வேலை செய்த கருவி இங்கு வந்த ஓராண்டுக்குள் கரகரக்கத் தொடங்குவது ஏன்? இரண்டுக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது. இந்தக் கருவியில் ஒலி என்பது மின்னழுத்தமே. அந்த மின்னழுத்தத்தைத் தொடும் வெப்பமும் ஈரமும் உப்பும் ஒலியையும் தொட்டுவிடுகின்றன.

கீபோர்டு வேறு, அனலாக் சின்தசைசர் வேறு

இன்றைய கீபோர்டுகளில் பெரும்பாலானவை டிஜிட்டல் கருவிகள். ஒரு புல்லாங்குழலின் ஒலியை முன்பே பதிவு செய்து, அதை எண்களின் வரிசையாகச் சிப்பில் சேமித்து, விசையை அழுத்தும்போது அந்த எண்களை மீண்டும் ஒலியாக மாற்றித் தருகின்றன. அனலாக் சின்தசைசரில் சேமித்த ஒலி எதுவும் கிடையாது. ஒலிபெருக்கியின் கூம்பு எப்படி முன்னும் பின்னும் அசைய வேண்டுமோ, அதே வடிவில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் சுற்றுகள் மட்டுமே அதற்குள் இருக்கின்றன. அதன் உறுப்புகள் நான்கு.

1. ஆசிலேட்டர். மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் என்ற சிறு பாகம், அதைப் பெறுவதும் வெளியேற்றுவதுமாக ஓயாமல் அலைகிறது. நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதே சுருதி. ஆண் பாடகர்களின் ஒரு கட்டைச் சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 131 அலைவுகள்.

2. ஃபில்டர். ஆசிலேட்டரிலிருந்து வரும் அலை கூர்மையானது, மேல் அதிர்வுகள் நிறைந்தது. அவற்றில் எத்தனையை விடுவது, எத்தனையைத் தடுப்பது என்பதை ஃபில்டர் தீர்மானிக்கிறது. வாயைத் திறந்து ‘ஆ’ என்றும் குவித்து ‘ஊ’ என்றும் ஒரே சுருதியில் பாடும்போது நிகழும் மாற்றத்திற்கு இது மிக அருகில் வரும்.

3. ஆம்ப்ளிஃபையர். ஒலியின் அளவைக் கூட்டிக் குறைப்பது.

4. என்வலப். ஒரு சுரம் எப்படிப் பிறந்து எப்படி அடங்குகிறது என்பதன் வரைபடம். வீணைத் தந்தியை மீட்டினால் ஒலி சட்டென எழுந்து மெல்லத் தேய்கிறது. நாகசுரத்தில் மூச்சு உள்ளவரை நிற்கிறது. இந்த வேறுபாட்டை ஒரு கெப்பாசிட்டரும், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சில ரெசிஸ்டர்களும் உண்டாக்கிவிடுகின்றன.

இவற்றில் ஒன்றின் மின்னழுத்தத்தைக் கொண்டு மற்றொன்றை ஆளலாம் என்பதுதான் பெரிய திருப்பம். அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964-இல் இப்படி மின்னழுத்தத்தால் ஆளப்படும் உறுப்புகளைச் செய்து காட்டினார். அதே காலத்தில் கலிபோர்னியாவில் டான் புக்லா தனி வழியில் இதே எண்ணத்திற்கு வந்து சேர்ந்தார். மெதுவாக அலையும் ஓர் ஆசிலேட்டர் வேகமாக அலையும் இன்னோர் ஆசிலேட்டரின் சுருதியை அசைக்கும்போது குரல் நடுங்குவதுபோன்ற அசைவு பிறக்கிறது. எதை எதோடு இணைப்பது என்பதை வாசிப்பவரே ஒயரைச் செருகித் தீர்மானிக்கிறார். இந்தச் சுதந்திரத்தைச் சுவைத்தவர்களுக்கு ஆயத்த ஒலிகளின் பட்டியல் போதுமானதாக இருப்பதில்லை.

ஒரு வோல்ட், ஒரு ஸ்தாயி

மூக் வகுத்துப் பின்னர் பலரும் ஏற்றுக்கொண்ட அளவுகோல் எளிமையானது: மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி மேலே போகும், அதாவது அலைவெண் இரட்டிப்பாகும். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு சுரத்தானமும் ஏறத்தாழ 83 மில்லிவோல்ட். ஆனால் கருவிக்குள் இருக்கும் ஆசிலேட்டருக்குப் பன்னிரண்டு என்ற கணக்கே தெரியாது. தரப்படும் மின்னழுத்தம் எதுவோ அதற்குரிய சுருதியில் அது அலையும். நம் இசை நூல்கள் பேசும் பிரமாண சுருதி, அதாவது 81-க்கு 80 என்ற விகிதம், இந்த அளவுகோலில் சுமார் 18 மில்லிவோல்ட். ஒரு குமிழை மயிரிழை திருப்பினால் அது வந்துவிடும். தமிழ் இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தக் கருவி நெருக்கமாவதற்கு முதன்மைக் காரணம் இதுதான் என்பது என் துணிபு.

இரண்டு சுரங்களுக்கிடையே வழுக்கிச் செல்லும் ஜாருவையும் எண்ணிப் பார்க்கலாம். அனலாக் கருவியில் இதற்குத் தேவை ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் மட்டுமே. புதிய மின்னழுத்தம் வந்தவுடன் கெப்பாசிட்டர் அதை நோக்கி முதலில் விரைவாகவும், இலக்கை நெருங்க நெருங்க மெதுவாகவும் செல்கிறது. தேர்ந்த விரல் ஒரு சுரத்தில் போய் அமரும் விதத்தோடு இந்த வளைவு ஒத்துப்போகிறது. மும்பைத் திரையிசை வாத்தியக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் டி.பி.-303, டி.ஆர்.-808, ஜூபிடர்-8 ஆகிய மூன்று கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தபோது கைகொடுத்ததும் இத்தகைய வழுக்கல்தான். டி.பி.-303-இன் சுரங்கள் பன்னிரண்டு படிகளில் அமைந்தவையே. ஒரு படியிலிருந்து மறுபடிக்கு அது கடக்கும் வழி மட்டும் அனலாக். அதற்கும் முன்பே, 1969-இல், அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் ஒரு மூக் சின்தசைசரை நிறுவி, இந்திய இசையாளர்கள் அதில் பணிபுரிய வழிசெய்தார். எனவே இந்தக் கருவி நம் நாட்டுக்கு நேற்று வந்த விருந்தாளி அல்ல.

போனதும் திரும்பி வந்ததும்

பெயர்பெற்ற மினிமூக் 1970-இல் வந்து 1981-இல் நின்றது; அந்தக் காலத்தில் செய்யப்பட்டவை சுமார் 12,000. யமஹா 1983-இல் கொண்டுவந்த டி.எக்ஸ்.7 என்ற டிஜிட்டல் கருவி பதினாறு சுரங்களை ஒன்றாக இசைத்தது, சுருதி விலகவில்லை, ஒலிகளை நினைவில் வைத்துக்கொண்டது. ஒரு லட்சத்திற்கும் மேல் விற்றது. சந்தை அப்பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. 1990-களின் நடுவில் ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் சிறு சிறு உறுப்புகளாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் முறையை அறிமுகப்படுத்திய பின் ஆர்வம் மீண்டது. பழைய கருவிகளின் எண்ணிக்கை கூடப்போவதில்லை, விரும்புவோர் கூடுகிறார்கள். விலையின் கதை இவ்வளவே.

வெப்பம் சுருதியை எப்படி இழுக்கிறது?

பழைய அனலாக் ஒலியை ‘உயிருள்ளது’ என்று புகழ்கிறவர்களும், ‘நம்ப முடியாதது’ என்று ஒதுக்குகிறவர்களும் ஒரே இயற்பியலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒவ்வொரு வோல்ட்டுக்கும் அலைவெண் இரட்டிப்பாக வேண்டும் என்ற கணக்கைச் செய்து தருவது ஒரு ஜோடி டிரான்சிஸ்டர்கள். டிரான்சிஸ்டருக்குள் பாயும் மின்னோட்டம், அதன் முனைகளுக்கிடையேயான மின்னழுத்தத்திற்கு ஏற்ப அடுக்குமுறையில் பெருகுவது இயற்கை; அந்த இயற்கையையே சுற்று பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் அந்தப் பெருக்கத்தின் அளவு வெப்பநிலையைச் சார்ந்தது. அறை வெப்பத்தில் ஒரு டிகிரி கூடினால் அளவுகோல் ஏறத்தாழ 0.33 சதவீதம் மாறுகிறது.

இந்தச் சிறிய எண்ணைக் காதின் மொழியில் சொல்வதானால்: ஒரு ஸ்தாயியை 1,200 சென்ட் எனப் பிரிப்பது வழக்கம். ஈடுசெய்யும் ஏற்பாடு எதுவும் இல்லாத ஆசிலேட்டரில், சுருதி சேர்த்த இடத்திலிருந்து ஒரு ஸ்தாயி தள்ளி, ஒரு டிகிரிக்கு 4 சென்ட் விலகும். ஐந்து ஸ்தாயி தள்ளி 20 சென்ட். மேலே சொன்ன பிரமாண சுருதியே ஏறத்தாழ 21.5 சென்ட்தான். காலையில் 28 டிகிரியில் சுருதி சேர்த்து, பந்தலுக்குள் விளக்குகளின் கீழ் 35 டிகிரியில் வாசித்தால், ஒரு ஸ்தாயி மேலேயே 28 சென்ட் பிசகியிருக்கும். இசைப் பயிற்சி இல்லாதவருக்கும் அது உறுத்தும்.

இதற்கு மருந்து உண்டு. ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 3,300 பங்கு மதிப்பு கூடும் ஒரு தனி வகை ரெசிஸ்டரை, அந்த டிரான்சிஸ்டர் ஜோடியின் முதுகில் ஒட்டி வைக்கிறார்கள். டிரான்சிஸ்டர் சூடாகும்போது ரெசிஸ்டரும் சூடாகி, ஒன்றின் பிழையை மற்றொன்று சமன் செய்கிறது. 1978-இல் வந்த புரொஃபெட்-5 போன்ற கருவிகள் இன்னொரு வழியாக, உள்ளே ஒரு நுண்செயலியை வைத்து, பொத்தானை அழுத்தியதும் தம்மைத் தாமே சுருதி சேர்த்துக்கொண்டன. ஆகவே சுருதி விலகுவதைக் கருவியின் குணம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு சரிசெய்யாமல் விடுவது தேவையற்றது. இரண்டு ஆசிலேட்டர்கள் ஒன்றையொன்று மெல்ல உரசிச் செல்வதால் வரும் செழுமை வேறு. அதற்குச் சில சென்ட் விலகலே போதும்.

உப்பு செய்யும் வேலை

வெப்பத்தின் கணக்கு எல்லா ஊர்களுக்கும் பொது. உப்பின் கணக்கு கடற்கரைக்குரியது. சோளகம் என்ற தென்காற்று எழும் மாதங்களில் தென்கடல் கொந்தளித்து வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் நுண்துளிகளைக் கொண்டுவருகிறது. வாடைக் காலத்தில் வடகடலோரமாகத் தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் அதே வேலை நடக்கிறது. இராமேசுவரம் தீவுக்கு இரண்டுமே உண்டு. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்திற்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிவகைக் காப்புப் பூச்சும் தேவைப்பட்டன என்றால், 35 மைக்ரான் தடிமனே உள்ள செம்புப் பாதைகள் ஓடும், மின்னணுப் பாகங்களைத் தாங்கும் ஒரு பி.சி.பி. போர்டின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

காற்றிலுள்ள உப்பு போர்டின் மீது தூசியாகப் படிகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடோ சுமார் 33 சதவீதத்திலேயே ஈரமாகிவிடும். அதாவது, வெயில் காயும் நண்பகலிலும் கடலுப்பு படிந்த போர்டு முழுவதுமாக உலர்வதில்லை. அந்த ஈரப் படலம் மின்சாரத்தைக் கடத்துகிறது.

இதனால் என்ன ஆகும் என்பதை ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். விசையிலிருந்து விரலை எடுத்த பிறகும் சுருதி மாறாமல் இருக்க, அந்த விசையின் மின்னழுத்தத்தை ஒரு சிறிய கெப்பாசிட்டர் பிடித்து வைத்திருக்கிறது. அதன் மதிப்பு 0.1 மைக்ரோஃபாரட், அது பிடித்திருப்பது 3 வோல்ட் என்று கொள்வோம். போர்டின் மேலுள்ள ஈரம் அதற்கு இணையாக நூறு கோடி ஓம் தடையுள்ள ஒரு கசிவை உண்டாக்கினால், சாதாரண மல்டிமீட்டரில் அந்தக் கசிவு தெரியவே தெரியாது. ஆனால் ஒரு நொடியில் 30 மில்லிவோல்ட் வடிந்துவிடும். சுருதி 36 சென்ட், அதாவது ஒரு சுரத்தானத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், இறங்கிவிடும். சுரம் அடங்கும்போது சரிந்து விழுவதுபோல் கேட்கும். ஐ.சி. (சிப்) பழுது என்று எண்ணி மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பழுது போர்டின் மேற்பரப்பில் இருக்கிறது.

பழைய போர்டைத் திறந்தால் இந்தக் கதை கண்ணுக்கே தெரியும். ஐ.சி. சாக்கெட்டின் கால்கள் கறுத்திருக்கும். சால்டர் இட்ட இடத்தைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ஸ்லைடரை நகர்த்தினால் மணலை அரைப்பதுபோல் கரகரக்கும். இங்கே பலரும் செய்யும் தவறு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மட்டும் நனைத்துத் துடைத்து விடுவது. ஆல்கஹால், சால்டர் பிடிப்பதற்காக இடும் ஃப்ளக்ஸ் என்ற பசையின் பிசுக்கைக் கரைக்கும். உப்பை அநேகமாகக் கரைப்பதில்லை. உப்பு போக வேண்டுமானால் முதலில் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரால் போர்டை மென்மையான தூரிகை கொண்டு கழுவ வேண்டும்; அதன்பின் ஆல்கஹாலால் அந்த நீரை வெளியேற்றி, நன்கு உலர்த்த வேண்டும். மூடியில்லாத ஸ்லைடர்கள், சுவிட்சுகள், டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றை நீர் படாமல் முன்பே கழற்றிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இந்த அறிவு கடற்கரைக்குப் புதிதன்று. விசைப்படகுகளில் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரையும் வி.எச்.எஃப். வானொலி செட்டையும் பழுது பார்ப்பவர்கள் நாள்தோறும் உப்போடு மல்லுக்கட்டுகிறார்கள். எந்தப் பின் முதலில் பச்சை பிடிக்கும், எந்த இணைப்பில் கிரீஸ் வைக்க வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். மின்னணு இசையில் ஆர்வமுள்ளவர்கள் தொலைதூர வல்லுநர்களைத் தேடுவதற்கு முன் இவர்களிடம் போய் நிற்பது பயன்தரும்.

கருவியை மூடி வைத்துப் பாதுகாப்பதும் பாதி உண்மைதான். மின்சாரம் பாயும்போது கருவி சற்றுச் சூடாகி, உள்ளே வெப்பநிலை 5 டிகிரி கூடினால், 80 சதவீத ஈரப்பதம் சுமார் 60 சதவீதமாகக் குறைந்துவிடும். எனவே தினமும் ஒரு மணி நேரமாவது மின்சாரம் பாயும் கருவி, பிளாஸ்டிக் உறைக்குள் மாதக்கணக்கில் உறங்கும் கருவியைவிட நலமாக இருக்கும். எடுத்து வைத்தே ஆக வேண்டுமென்றால், உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து அவ்வப்போது மாற்ற வேண்டும்.

வீட்டில் செய்வது எங்கிருந்து தொடங்குகிறது?

இத்தனையையும் சேர்த்துப் பார்க்கும்போது, இந்தக் கடற்கரையில் பழைய கருவி ஒன்றை விலைகொடுத்து வாங்கி வைப்பதைவிடத் தானே செய்துகொள்வதுதான் தக்கது என்று தோன்றுகிறது. தான் செய்ததைத் தானே கழுவலாம், திறக்கலாம், கெட்ட பாகத்தை மாற்றலாம். அமெரிக்காவில் பாயா என்ற நிறுவனம் 1970-களிலேயே சின்தசைசர் கிட்டுகளை விற்றது. வீட்டில் செய்பவர்களின் மரபு ஏறக்குறைய கருவியின் வயதையே கொண்டது.

தொடக்கத்திற்கு மிக எளிய சுற்று, சி.டி.40106 என்ற ஐ.சி.யைக் கொண்டது. இதற்குள் ஆறு இன்வர்ட்டர்கள் உள்ளன; வீட்டு மின்சார இன்வர்ட்டர் அல்ல, உள்ளீடு ஏறினால் வெளியீட்டை இறக்கி, இறங்கினால் ஏற்றும் சிறு சுற்றுகள். விலை சில பத்து ரூபாய். ஓர் இன்வர்ட்டரின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு ரெசிஸ்டரும், உள்ளீட்டிலிருந்து தரைக்கு ஒரு கெப்பாசிட்டரும் இணைத்தால் அது ஓர் ஆசிலேட்டர். கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட், ரெசிஸ்டர் 1 லட்சம் ஓம் எனில் ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸ் கிடைக்கும், ஒரு கட்டைக்குச் சற்றுக் கீழே. ரெசிஸ்டருக்குப் பதிலாகக் கடைகளில் வால்யூம் கன்ட்ரோல் என்று கேட்டு வாங்கும் குமிழைப் பொருத்தினால், 10,000 ஓமில் சுமார் 1,200 ஹெர்ட்ஸ் வரை ஏறலாம். ஆறு இன்வர்ட்டர்களில் ஒன்றைப் பஞ்சமத்திலும் மற்றவற்றைச் சட்ஜத்திலும் வைத்து, இரண்டு சட்ஜங்களை 120, 121 ஹெர்ட்ஸ் என ஒரு ஹெர்ட்ஸ் விலக்கினால், நொடிக்கு ஒருமுறை ஒலி ததும்பி அடங்கும். தம்புராவின் அருகில் அமர்ந்தவர்களுக்கு அந்த அசைவு பழக்கமானதாகவே இருக்கும்.

செய்பவர் கவனிக்க வேண்டியவை:

1. 9 வோல்ட் பேட்டரியில் இயக்கும்போது வெளியீடும் அந்த அளவுக்குத் துள்ளுவதால், ஆம்ப்ளிஃபையரில் நேராகச் செருகக் கூடாது. ஒவ்வொரு வெளியீட்டிலும் 1 லட்சம் ஓம் வைத்துக் கலந்து, சேருமிடத்திலிருந்து தரைக்கு 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு அளவைக் குறைக்க வேண்டும்.

2. பேட்டரி தளரத் தளர இந்த ஐ.சி.யின் சுருதி நகரும். மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் ஐ.சி. ஒன்றைச் சேர்ப்பது நல்லது.

3. காலத்தைக் கணிக்கும் இடத்தில் மலிவான செராமிக் கெப்பாசிட்டரைத் தவிர்த்து, பாலியஸ்டர் வகையை வைக்க வேண்டும். வெப்பத்தில் அது மிகக் குறைவாகவே மாறும்.

4. சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பிரெட்போர்டில் சோதித்துப் பார்த்த உடனே, துளைகள் நிறைந்த டாட் போர்டுக்கு மாற்றிச் சால்டர் செய்துவிட வேண்டும். பிரெட்போர்டின் பிடிப்புகள் இங்கே சில மாதங்களில் களிம்பேறிவிடும். சுற்று வேலை செய்வது உறுதியானதும் ஃப்ளக்ஸைக் கழுவி, காப்பு வார்னிஷ் பூசலாம். குமிழ்களுக்குள்ளும் சாக்கெட்டுகளுக்குள்ளும் அது இறங்கிவிடக் கூடாது.

பழையதுதான் வேண்டும் என்பவருக்கு

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புவோர் வழியாகப் பழைய கருவி கிடைக்குமானால், முதலில் பின்புறத் தகட்டைப் படிக்க வேண்டும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்டது 100 வோல்ட்டில் இயங்குவது. நம் 230 வோல்ட்டில் செருகினால் மின்வழங்கிப் பகுதி எரிந்துபோக ஒரு நொடி போதும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சோதிக்கவே கூடாது. அடுத்து, 1980-களின் தொடக்கத்தில் நினைவகத்தோடு வந்த கருவிகள் சிலவற்றில் நிக்கல்-காட்மியம் மின்கலம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அது கசிந்தால் சுற்றியுள்ள செம்புப் பாதைகளை அரித்துவிடும். வாங்கும் முன் மூடியைத் திறந்து அந்த மூலையைப் பார்த்தே ஆக வேண்டும். மின்வழங்கியிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள் வெப்பம் 10 டிகிரி கூடும்போது ஏறத்தாழ பாதியாகும் என்பதால், அந்த வயதுக் கருவிகளில் அவற்றை மாற்றிவிடுவதே முறை.

இவை முடிந்த பிறகுதான் சுருதி சேர்க்கும் வேலை. ஆசிலேட்டர் போர்டிலுள்ள சுருதியைத் திருத்தும் சிறிய டிரிம்மர் திருகுகளில் கை வைப்பதற்கு முன் கருவியை அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். அதுவும் அது எந்த நேரத்தில், எந்த அறையில், மூடி போட்டு வாசிக்கப்படப்போகிறதோ அதே நிலையில். காலைக் குளிர்ச்சியில் மூடியைத் திறந்துவைத்துச் சேர்த்த சுருதி, மாலையில் மூடிய பெட்டிக்குள் நிற்காது.